நார்க்கட்டுக்குள் ஓர் இலை

என் மகனே,

இந்தத் துணியை அவிழ்த்ததும் உன் கைக்குக் கத்தி வந்திருக்க வேண்டும், காகிதம் வந்திருக்கிறது. முகத்தைச் சுளிக்காதே. கத்தி அடியிலேயே இருக்கிறது. அதை எங்காவது ஒளித்து வைத்துவிடலாமா என்று காலையிலிருந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். உன் அப்பா ரப்பர் மரம் சீவிய பால் கத்தி அது, இப்போது உன்னுடையது. வீட்டில் என்னைத் தேடாதே. செந்தூலில் ஜெபக்கூட்டம், நாளைக்குத்தான் வருவேன் என்று உன் பெண்டாட்டி எஸ்தரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன பொய்களில் இது மிகச் சின்னது. உண்மையில் எங்கே போயிருக்கிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. இன்றைக்கு ஒரு நாள் அம்மா பேச்சைக் கேட்டு வரிசையாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை நீ சுங்கை பூலோவிலிருந்து திரும்பி வந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஸ்டேஷன் பக்கத்துச் சீன முதலாளி தவுக்கே கடையை மூடப்போகிறார், இனி நமக்கு மரநார் எப்படி வரும் என்று கேட்டு வரத்தான் போனாய். அவர் போகிற போக்கில் சொன்ன ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். இத்தனை வருடமாக நாம் நாற்காலியும் கூடையும் பின்னிய நார் முழுவதும் மலையடிவாரத்துக் காட்டு மக்கள் உரித்துக் கொண்டுவந்தது, இனி நீயே நேரில் போய் அவர்களிடம் வாங்கிக்கொள் என்றாராம். "அப்பாவக் கொன்னவனுங்க கையால வந்த நாராம்மா இது? இதுலயா நாம சோறு தின்னோம்?" என்று கத்திவிட்டு, அன்றைக்கு வந்திருந்த நார்க்கட்டைத் தூக்கி முற்றத்துச் சேற்றில் எறிந்தாய். கொட்டகையில் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை மூன்று ஆட்களோடு காட்டுக்குப் போகிறேன், நானே மரம் பார்த்து உரித்து வருகிறேன், குறுக்கே எவன் வந்தாலும் விடமாட்டேன் என்றாய். அப்பா கத்தி எங்கே என்று கேட்டாய். நான் வாயெடுக்கும்போதெல்லாம், "நீ சும்மா இரும்மா" என்றாய். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கிய நான் அன்றைக்குச் சும்மாதான் இருந்தேன்.

அன்று மாலையே அந்த மூன்று பேரையும் கொட்டகையில் உட்காரவைத்து நீ பேசியதை, நார் ஊறவைக்கிற தொட்டியருகே நின்று கேட்டேன். அவர்களில் ஒருவர், காட்டில் கையைக் காலை வெட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "அதுக்கெல்லாம் பயப்படாதீங்கண்ணே. மரத்துப் பால ஒரு சொட்டு எடுத்துப் பூசினா ரெத்தம் நின்னுடும். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு" என்றாய். நார் அடிக்க நான் வைத்திருந்த கொட்டாப்புளி தொட்டிக்குள் விழுந்தது. நீ திரும்பிப் பார்த்து, "என்னம்மா, கையில வலு இல்லையா?" என்று கேட்டாய்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவை யாரும் அம்பு விட்டுக் கொல்லவில்லை. ஒரு மரத்தின் பால் அவரைக் கொன்றது. அந்த மரத்தை வெட்டச் சொன்னவள் நான். உனக்கு ஐந்து வயதிலிருந்து நான் சொல்லிவந்த கதை பொய். எப்படி என்று சொல்லுகிற வரைக்கும் எழுந்து போய்விடாதே. உன் அப்பாவின் முன்கோபமும் என் பிடிவாதமும் சேர்ந்து ஒரே பிள்ளைக்கு வந்து வாய்த்தது என் தலையெழுத்து.

உனக்குப் பின்னத் தெரிகிற அளவுக்கு மரம் தெரியாது. இதைச் சொன்னால் உனக்குச் சுருக்கென்று இருக்கும். பத்து வயதில் நீ பின்னிய முதல் முக்காலியை நினைத்துப் பார். நாரை நன்றாக நனைக்காமல் இழுத்துக் கட்டினாய். நான்கு நாளில் காய்ந்து சுருங்கிச் சட்டத்தின் காலையே வளைத்துவிட்டது. அதை நீ உடைக்கப் போனாய், நான் விடவில்லை, இன்றைக்கும் அடுப்படியில் அதில்தான் கோணலாக உட்கார்ந்து சமைக்கிறேன். அதற்கப்புறம் நீ கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. கிள்ளானில் பங்களாக்காரர்கள் உன் பின்னலைத் தொட்டுப் பார்த்தே அடையாளம் சொல்கிறார்கள். ஆனால் உன் கைக்கு வருகிற நார் மேல்பட்டை சீவி, அடித்து, அலசி, வெயிலில் காய்ந்து வருகிறது. அது மரமாக நிற்கும்போது எப்படி இருக்கும் என்று நீ கண்டதில்லை. நாம் பின்னுவது தெராப் மரத்தின் உள்பட்டை. அதே காட்டில், அதே உயரத்தில், அதே மாதிரி பால் வடிகிற இன்னொரு மரமும் நிற்கிறது. அதை ஈப்போ மரம் என்பார்கள். அதன் பாலைக் காய்ச்சித்தான் காட்டு மக்கள் ஊதுகுழல் அம்பின் முனையில் தடவுகிறார்கள்.

இனி உன் அப்பாவுக்கு வருகிறேன். நான் இந்த ஊரிலேயே பிறந்து, மிஷன் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்று, தெருவில் மலாய் பேசி வளர்ந்தவள். அவர் கப்பலில் வந்தவர், தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. கல்யாணமாகிச் சுங்கை பூலோவைத் தாண்டி இருந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோது, சந்தையில் பேரம் பேசுவதிலிருந்து வழி கேட்பது வரை நான்தான் அவருக்கு வாய். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர் கையோ எனக்கு எட்டாத கை. பட்டை எவ்வளவு ஆழம் போனால் பால் வரும், எவ்வளவு போனால் மரம் காயப்படும் என்பது அவர் மணிக்கட்டுக்கே தெரியும். பால்மரம் சீவுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கையில் கீறல் பட்டால், மரத்தில் வடிகிற பாலை விரலால் தொட்டுக் காயத்தில் பூசிவிடுவார்கள். அது உறைந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். நீ லயத்துப் படியில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட அன்று உனக்கும் அப்படித்தான் பூசிவிட்டார். அப்பாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நீ அந்த மூன்று பேருக்கும் பெருமையாகச் சொன்னாய்.

மரநார்ப் பின்னலை எனக்குக் காட்டியவள் லீஜா. என் வயதுதான் இருக்கும். நம் ஆட்கள் அந்த மக்களை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதை நான் எழுத மாட்டேன். அவர்கள் தங்களைத் தெமுவான் என்றே சொல்லிக்கொள்வார்கள். அவளும் அவள் கணவன் ஈத்தாமும் தேனும் பெத்தாய்க் காயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உப்பும் துணியும் வாங்கிப்போவார்கள். அவள் முதுகில் இருந்த கூடை அரிசிச் சாக்கைப் போல மெத்தென்று இருந்தது, ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்தாலும் கிழியாது. நான் ஒரு ஜாக்கெட் துணி கொடுத்து அந்தக் கூடையை வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்துப் போட்டுவிட்டேன், எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்க்க. மறுவாரம் வந்தவள் பிரித்துக் கிடந்ததைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே அதைத் திரும்பப் பின்னினோம்.

நாற்காலிக்கு அதைக் கொண்டுபோனது என் யோசனை. துரை பங்களாவில் இருந்ததெல்லாம் பிரம்பு நாற்காலிகள், முனை பிய்ந்து துரைசானியின் உடுப்பைக் கிழித்துக்கொண்டே இருக்கும். நான் ஒன்றுக்குத் தெராப் நாரில் பின்னிக் கொடுத்தேன். அந்த அம்மாள் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் விருந்துக்குள் பன்னிரண்டு வேண்டும் என்றாள். அந்த நாற்காலியை ஊருக்கே காட்டுவாள், அப்புறம் நாம் லயத்தை விட்டே போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். எட்டு முடிந்தது, நான்குக்கு நார் இல்லை. லீஜாவைக் கேட்டேன். அவர்கள் ஒரு மரத்தில் ஒரு பக்கம் ஒரு கை அகலம்தான் உரிப்பார்கள், மரம் ஆறும் வரைக்கும் அதைத் திரும்பத் தொடமாட்டார்கள். வேறு இடத்தில் மரம் பார்க்க வேண்டும், ஒரு வாரம் பொறு என்றாள். காடு வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தாள். எல்லா மரத்திலும் உரித்த தழும்பு இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று மட்டும் கீறல் படாமல், பருத்து, வாளிப்பாக நின்றது. நான் அதைக் காட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "யாங் இத்து ஜாங்கான். பீசா" என்றாள்.

அதை மட்டும் வேண்டாம், விஷம் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு, அது எடுபடவில்லை. புரிந்தது, நம்பவில்லை. அவ்வளவுதான். நல்ல மரத்தைத் தங்களுக்கென்று ஒளித்து வைத்துக்கொண்டு எனக்குக் கதை விடுகிறாள் என்று நினைத்தேன். என்னோடு உட்கார்ந்து சிரித்தவளை, என் கூடையைத் திரும்பப் பின்னிக் கொடுத்தவளை அப்படி நினைத்தேன். நானாக இருந்தால் ஒளித்து வைத்திருப்பேன், அதனால் அவளும் அப்படித்தான் என்று எண்ணியிருக்கிறேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஏதாவது இருந்தால், ஐயா, அது இங்கேதான் இருக்கிறது. ஒருவர் உன்னைத் தடுக்கும்போது அவருக்கு என்ன லாபம் என்று உடனே கேட்காதே. சில பேர் உனக்காகவும் தடுப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் நானும் உன் அப்பாவும் காட்டுக்குப் போனோம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். ஓடையைத் தாண்டி அந்த மரத்தடியில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். "ஏ புள்ள, இதுதானா? இலை சின்னதா இருக்கே?" என்றார். அவர் கேட்டார், மகனே. மொழி தெரியாத மனுஷன் கண்ணால் பார்த்துக் கேட்டார். நான், "அதேதான், வெட்டுங்க" என்றேன்.

கை பழகிய கத்தி என்று பால் கத்தியால்தான் கீறத் தொடங்கினார். ரப்பர் பட்டை மாதிரி அது இளகவில்லை. இரண்டு பட்டை உரித்துக் கீழே போட்டுவிட்டு மூன்றாவதைக் கீறும்போது கத்தி சறுக்கி இடது கைக் கட்டைவிரலில் எலும்பு தெரியும்படி இறங்கிவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே மரத்தில் வடிந்த பாலை வழித்துப் பூசினார். ரத்தம் நிற்கவில்லை, இன்னும் வழித்துப் பூசினார். அப்புறமும் கசிந்தது. நான் கீழே கிடந்த பட்டையிலிருந்து ஈரமான உள்நாரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, காயத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். நாற்காலி பின்னுகிற கை, நன்றாகவே இறுகியது. கத்தியில் வழிந்த பால் பழுப்பாக மாறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தெராப் பால் அப்படி மாறாது. அதையும் பார்த்துவிட்டுப் பட்டையைச் சுருட்டிக் கட்டத் தொடங்கினேன்.

ஓடை வரைக்கும் நடந்து வந்தார். அங்கே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். "நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது புள்ள" என்றார். முகம் வேர்த்து ஊற்றியது. அப்போதுதான் லீஜா சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குள் திரும்பி வந்தது. கட்டை அவிழ்த்தேன். கையை ஓடைத் தண்ணீரில் அமுக்கித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், அது அவருக்காக. அவிழ்த்த நாரைத் தண்ணீரோடு போகவிட்டேன், அது யாருக்காக என்று நீயே தெரிந்துகொள். என் மடியில் தலை வைத்து உன் பெயரை ஒரு தடவை சொன்னார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல வந்தாரா, வேறு எதையோ சொல்ல வந்தாரா, எனக்குத் தெரியாது. நண்பகல் வெயில் சுள்ளென்று இருந்தது. அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது.

நான் கத்திய சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கங்காணி குனிந்து அந்த விரலைப் பார்த்தார். காயத்தைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. "என்னம்மா, காட்டான் அம்பா? அவனுங்க விட்டதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இல்லை. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதியது உண்மையல்ல. அந்த வரியை அடித்து அழிக்கவில்லை, அப்படியே விடுகிறேன், நான் எத்தனை சுலபமாகப் பொய் சொல்வேன் என்று நீ பார்த்துக்கொள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். இரண்டு தடவை.

அதற்கப்புறம் அவர்கள் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கட்டையும் பாராங் கத்தியும் எடுத்துக்கொண்டு போனார்கள். மலையடியில் ஆறு குடிசைகள் இருந்தன, ஆறையும் கொளுத்தினார்கள். ஈத்தாமின் முழங்காலை அடித்து நொறுக்கினார்கள். தேனுக்கு மரம் ஏறுகிறவன் அப்புறம் ஏறவே இல்லை. யாரும் சாகவில்லை என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்ட வருடங்கள் உண்டு. நான்காம் நாள் லீஜா வந்தாள். உப்பு வாங்க வந்து நிற்கிற அதே வழியோரத்தில் நின்றாள். முதுகில் கூடை இல்லை. அவள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியிருக்கலாம், அவளுக்காகத் துரை வீட்டுச் சமையல்காரனாவது மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பான். அவள் என்னை மட்டும் பார்த்து, "காவ் தாவு" என்றாள். ‘உனக்குத் தெரியும்’ என்று அர்த்தம். அவ்வளவே சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டாள்.

நாம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். பின்னலைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. சுங்கை பூலோ தவுக்கே நார் வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். முதல் கட்டு வந்ததும் அவிழ்க்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றை மடித்து, முடிச்சே போடாமல் உள்ளே செருகிக் கட்டுகிற கட்டு. அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான் எனக்குத் தெரியும். யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு விதவை, சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாற்காலி பின்னுகிறாள் என்று அவர்களிடம் சொன்னதாகத் தவுக்கே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்கு அடுத்து வந்த கட்டுக்குள் ஓர் இலை இருந்தது. பெரிய தெராப் இலை. அன்றிலிருந்து ஒரு கட்டுகூட இலை இல்லாமல் வந்ததில்லை. சின்ன வயதில் நீ அதை எடுத்து விசிறிக்கொண்டு துரை மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொள்வாய். நார் நசுங்காமல் இருக்க வைக்கிறார்கள் என்று உனக்குச் சொன்னேன்.

இது சரியான மரம், பயப்படாமல் பின்னு என்று சொல்கிறாளா, அன்றைக்கு நீ பார்க்காமல் விட்ட இலை இதுதான், பார் என்று குத்திக்காட்டுகிறாளா? பதினேழு வருடமாகப் பிரித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம், போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு திருவிருந்துக்கும் முழங்கால் போட்டு எழுந்து வந்தேன், ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன் என்று. ஆண்டவரிடம் சொல்வது சுலபம், மகனே, அவர் கங்காணியிடம் போய்ச் சொல்லமாட்டார். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ எட்டு வயதில் சுவரில் கரியால் மனிதப் படம் வரைந்து, "அப்பாவக் கொன்னவன்" என்று ஒரு கோலால் குத்தினாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெறுப்பை நான்தான் சோற்றோடு பிசைந்து உனக்கு ஊட்டினேன். இன்றைக்கு அது வளர்ந்து, கத்தி கேட்கிறது. எஸ்தருக்கு ஐந்து மாதம். நாளைக்கு நீ ஏதாவது ஒரு குடிசையின் முன்னால் கை ஓங்கினாலும், ஏதாவது ஒரு மரத்தடியில் விரலைக் கீறிக்கொண்டாலும், இன்னொரு குழந்தைக்கு இன்னொரு பொய்யைச் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எஸ்தர் அதைப் பழகிக்கொள்ளவும் வேண்டாம்.

இப்போது கடைசிப் பக்கம். இன்று மதிய வண்டியில் நான் சுங்கை பூலோ போகிறேன். தவுக்கேயிடம் ஆள் அனுப்பி வழி கேட்டுவிட்டேன். லீஜாவும் ஈத்தாமும் மலையடியில் இருக்கிறார்கள், அங்கே அவர்கள் ஆட்கள் முன்னால் நின்று, நான் தலையை ஆட்டினேன் என்று அவள் மொழியிலேயே சொல்லப் போகிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. துரத்தலாம், அடிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எது நடந்திருந்தாலும், நீ வந்து பார்க்கும்போது நான் எந்தக் கோலத்தில் இருந்தாலும், அவர்கள் மேல் நீ கை ஓங்கக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை. உனக்கு உத்தரவு போட எனக்கு இனி உரிமை இல்லை என்று நீ சொல்லலாம். சொல்லு. ஆனாலும் கேள்.

என்னை வெறுத்துப் பேசாமல் இருக்க வேண்டுமானால் இரு. அந்த வெறுப்பு வந்து சேரவேண்டிய இடம் இதுதான். இத்தனை நாள் தப்பான வீட்டு வாசலில் நின்றது. வருவதானால் அந்த மூன்று பேரை விட்டுவிட்டுத் தனியாக வா. உன் கைவேலையில் நல்லதாக ஒரு முக்காலி எடுத்து வா, முழங்கால் மடக்க முடியாதவருக்கு உட்கார உதவும். நீ சேற்றில் எறிந்த கட்டுக்குள்ளிருந்து இலையை எடுத்துத் துடைத்து, இந்தக் காகிதத்தின் மடிப்பில் வைத்திருக்கிறேன். அதை உன்னோடு கொண்டுவா. உன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தாலும் மறையாத இலை. எந்த மரத்தடியில் நின்றாலும் முதலில் கீழே பார். இந்த இலை கிடக்காவிட்டால் அந்த மரத்தைத் தொடாதே, எவ்வளவு வாளிப்பாக நின்றாலும் சரி.

வழியெல்லாம் முள். கையில் கீறல் பட்டால் ஓடைத் தண்ணீரில் கழுவு. வேறு எதையும் பூசாதே. உன் அப்பா செய்தார் என்பதற்காகச் செய்யாதே. தண்ணீர் மட்டும்தான், ஐயா.

உன் அம்மா